கேரவனுக்குப் போட்ட லோடு பட்டை

எங்கள் தெருவில் கார் வைத்திருக்கிறவர்கள் உண்டு, டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் உண்டு. கேரவன் வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். சினிமாக்காரர்கள் வெயிலில் நடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார்களே, அந்த வண்டிதான். கட்டில், மெத்தை, கழிவறை, கை கழுவும் தொட்டி, ஆளுயரக் கண்ணாடி எல்லாம் உள்ளேயே இருக்கும். மதுரையில் ஒருத்தர் வாடகைக்கு விட்டு விட்டு, வண்டி பழசாகிப் போனதும் தள்ளிவிட்டதை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். வாலிபம் முழுக்கத் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றி ஊர் ஊராய் ஓட்டின மனுஷன். லோடு வண்டியை மகன் கையில் கொடுத்தபிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"இனிமே நாம ரெண்டு பேரும் இதுலயே ஊர் சுத்துவோம்ட்டி. லாட்ஜும் வேண்டாம், ஓட்டலும் வேண்டாம்" என்றார்.

"மாடியில பாதி கட்டின ரூம் செங்கல்லோட நிக்கி. அதை முடிக்கத் துப்பில்ல, வீட்டுக்குச் சக்கரம் மாட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். நான் ஏசினால் அவருக்குச் சிரிப்புதான் வரும். அதிலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. பூக்காரம்மா வண்டியைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னலை எட்டிப் பார்த்து, "உள்ள எந்த நடிகை இருக்கா?" என்று கேட்பாள். "நான்தான் இருக்கேன், பூவைக் குடுத்துட்டுப் போ" என்பேன்.

அதில் குற்றாலம் ஒரு தடவை போனோம், திருச்செந்தூர் ஒரு தடவை போனோம். இரண்டு தடவையும் முறத்தில் போட்ட உளுந்து மாதிரி என்னைப் புடைத்து எடுத்துவிட்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்தே நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் அடியில் 'கடக்'கென்று ஒரு சத்தம், மேட்டில் ஏறினால் 'கிறீச்'சென்று இன்னொரு சத்தம். எங்கள் கரிசல் பூமி ரோடு எப்படியென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழை பெய்தால் மண் உப்பும், வெயில் அடித்தால் வெடித்து இறங்கும். மேலே என்னதான் தார் போட்டாலும் அடுத்த வருஷமே ரோடு மேடும் பள்ளமுமாய் ஆகிவிடும். புதுவண்டியே இங்கே சீக்கிரம் லொடலொடத்துப் போகும். இது கிழட்டு வண்டி, கேட்கவா வேண்டும்? இனி இந்தச் சனியனில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வண்டி வேப்பமரத்துக்கு அடியில் நின்று காக்காய் எச்சம் வாங்கிக்கொண்டிருந்தது.

அதை மறுபடி கிளப்பவேண்டிய தேவை அக்காவால் வந்தது.

என் அக்கா அடுத்த தெருவில் மகளோடு இருந்தவள். அத்தான் போய் ரொம்ப நாளாகிறது. ஒருநாள் அடுப்படியில் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். எலும்பு ஏற்கெனவே தேய்ந்துபோய் இருந்ததால் முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது என்றார்கள். அக்காவையும் அவள் மகளையும் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் அக்காவுக்குப் படுக்கைதான். பிடித்துக்கொண்டால் கழிவறை வரை நடப்பாள், சாப்பிடுகிற நேரம் உட்காருவாள், அதற்குமேல் வலி தாங்காது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்த அன்றைக்கு ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு வருஷமாக அவள் வாசல்படி தாண்டவில்லை.

நானும் அவளைப் பூப்போலப் பார்த்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி, "அக்கா தூங்குதா, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவேன். வந்தால் சும்மாவா போவார்கள்? கட்டிலில் உட்கார்ந்து ஆட்டுவார்கள், எவளுக்கோ இதே மாதிரி ஆகிச் செத்துப்போன கதையைச் சொல்வார்கள். அதெல்லாம் என் வீட்டில் நடக்காது.

இந்த நிலைமையில் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நல்ல இடம். மாப்பிள்ளைக்குக் குளத்தூர், உப்பளத்தில் சூப்பர்வைசர். ஆனால் எங்கள் வழக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். பெண் வீட்டுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போகவேண்டும். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீயும் தம்பியும் நின்னு தாரை வாத்துக் குடுத்துருங்க. எனக்குப் போன்ல காட்டுங்க, பாத்துக்கிடுதேன்" என்றாள். என் வீட்டுக்காரரைத்தான் அவள் தம்பி என்பாள்.

பெற்ற ஒரே மகளின் கல்யாணத்தைப் போனில் பார்ப்பதா? டாக்டரிடம் போய் நின்றேன். "படுத்த வாக்குல, குலுங்காம கூட்டிட்டுப் போக முடிஞ்சா போகலாம். குலுங்குச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றார். வீட்டுக்கு வந்து வேப்பமரத்தடியைப் பார்த்தேன். கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, கழிவறை இருக்கிறது. குலுங்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

எட்டயபுரம் ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். என் வீட்டுக்காரரின் லோடு வண்டியைக் காலமெல்லாம் பார்த்தவர். தலை நரைத்துவிட்டது, தொண்டை மட்டும் நரைக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசினால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும். கேரவனை முட்டுக்கொடுத்துத் தூக்கி அடியில் புகுந்தவர், ஒவ்வொன்றாய்ச் சத்தம் போட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, இடதுபக்க மெயின் பட்டை விரிசல் விட்டுருக்கு. அதான் சாஞ்சு நிக்கி. புஷ்ஷு நாலும் எலி கடிச்ச மாதிரி கெடக்கு. ஷாக் அப்சர்பர்ல எண்ணெய் பூரா வடிஞ்சு போச்சு, அது சும்மா பேருக்குத் தொங்குது. இதுல எப்படித்தான் திருச்செந்தூர் போனீங்களோ, முருகன்தான் தூக்கிட்டுப் போயிருக்கான்."

பட்டை என்பது வண்டியின் பாரத்தைத் தாங்குகிற இரும்புத் தகடு. வில் மாதிரி வளைந்தது. நீளத்திலிருந்து குட்டை வரை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிக் கட்டியிருப்பார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது அந்தக் கட்டு அமுங்கி நிமிரவேண்டும். அப்படி அமுங்கி நிமிர்ந்தால் உள்ளே இருக்கிறவர்களுக்கு இடுப்பு பிழைக்கும். புஷ் என்பது அந்தப் பட்டையின் காதில் இருக்கிற ரப்பர். அது தேய்ந்தால் இரும்போடு இரும்பு மோதும். அந்த 'கடக்' சத்தம் அதுதான். இதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தை.

"எல்லாத்தையும் மாத்திருங்க தம்பி. எங்க அக்கா இதுல படுத்துட்டு வரணும். ஒரு குலுங்கல் இருக்கக் கூடாது" என்றேன்.

"கவலைய விடுங்க மதினி. இனிமே இந்த வண்டி உக்காரவே உக்காராது" என்றார். அந்தப் பேச்சின் அர்த்தம் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

நான் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு முகூர்த்தப் பட்டு எடுக்கப் போய்விட்டேன். அந்த நேரத்தில் மெக்கானிக்கும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து யோசித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் லோடு வண்டியிலேயே பிறந்து லோடு வண்டியிலேயே வளர்ந்தவர்கள் மாதிரிதான். தீப்பெட்டி, உப்பு, பருத்தி, விறகு என்று பாரம் ஏற்றியே பிழைத்த ஊர் இது. இங்கே பட்டை தொய்ந்துவிட்டது என்றால் மருந்து ஒன்றுதான், கூட இரண்டு பட்டை சொருகி வண்டி உட்காராமல் விறைப்பாக்குவது. அதைத்தான் செய்தார்கள். பழைய பட்டைகளையே தூக்கி எறிந்துவிட்டு, லோடு வண்டிக்குப் போடுகிற தடித்த பட்டையாகக் கட்டி, பக்கத்துக்கு இரண்டு எக்ஸ்ட்ராவும் சொருகிவிட்டார்கள். அது போதாதென்று, "வண்டிக்கு எதுக்கு வெட்டிப் பாரம்?" என்று உள்ளே இருந்த பழைய ஜெனரேட்டர், ஓடாத ஏ.சி., பெரிய இரும்பு அலமாரி எல்லாவற்றையும் கழற்றி இறக்கிவிட்டார் என் வீட்டுக்காரர்.

வண்டி வாசலுக்கு வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. சாய்ந்து நின்ற வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. படியில் ஏற நான் சேலையை முழங்கால் வரை தூக்கவேண்டியிருந்தது. ரேடியேட்டரில் மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், இரண்டு ஆண்பிள்ளைகள் முகத்திலும் அப்படியொரு பெருமை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"அக்காவை ஏத்துறதுக்கு முன்னால நான் ஏறிப் பாக்கணும். அந்தக் கட்டில்ல நான் படுக்குதேன், நீங்க எட்டயபுரம் வரைக்கும் ஓட்டுங்க" என்றேன்.

மல்லாந்து படுத்தேன். மெயின் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. அட, பரவாயில்லையே என்று கண்ணைக்கூட மூடினேன். எட்டயபுரம் ரோட்டில் முதல் மேடு வந்தது. கட்டில் பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது. நான் மெத்தையை விட்டுக் கிளம்பி, மேலே போய், கீழே வந்தேன். இரண்டாவது மேட்டில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவதில், "நிறுத்துங்க! ஏங்க, நிறுத்துங்க! கொல்லவா பாக்குதீங்க?" என்று கத்தினேன். ஓட்டுகிறவர் காதில் விழவில்லை. எழுந்து தட்டுத்தடுமாறிப் போய் முதுகில் ஒன்று வைத்தபிறகுதான் நிறுத்தினார்.

வண்டியை அப்படியே திருப்பி மெக்கானிக் பட்டறைக்கு விடச்சொன்னேன். அன்றைக்கு நான் பேசின பேச்சை எழுதினால் நன்றாக இருக்காது.

மெக்கானிக் அசரவில்லை. "சும்மா ஓட்டினா எந்த வண்டியும் துள்ளத்தான் செய்யும் மதினி. லோடு ஏறட்டும், பட்டை அமுங்கிரும், அப்புறம் தொட்டில் மாதிரி போகும்" என்றார்.

"லோடா? எங்க அக்கா என்ன உப்பு மூட்டையா? அவ எடை ஒரு ஆட்டுக்குட்டி காணாது, தெரியுமா உங்களுக்கு? பழைய பட்டையவே மாட்டுங்க. விரிசல் விட்ட ஒரு பட்டையை மட்டும் மாத்துங்க."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்குத்தான் எங்கள் பக்கத்தில் மரியாதை. பழைய பட்டை கழன்றதோ இல்லையோ, கொல்லன் பட்டறை ஆள் வந்து நிற்பான். எங்கள் வண்டிப் பட்டையும் போயாயிற்று. அங்கே ஆள் அனுப்பிக் கேட்டால், துண்டு துண்டாய் வெட்டி உலையில் வைத்தாகிவிட்டது என்றார்கள். இந்த வண்டிக்கென்று அளவான கட்டு மதுரையில் சொல்லித்தான் வரவழைக்கவேண்டும், அது வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும்.

எக்ஸ்ட்ராவாய்ச் சொருகின பட்டைகளை உருவினார்கள். டயரில் காற்றைக் குறைத்தார்கள். நான் மறுபடியும் படுத்துப் பார்த்தேன். நாக்கைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான். "என்ன உருவினாலும் இது லோடு வண்டிக் கட்டுதான் மதினி" என்று மெக்கானிக் முதல்தடவையாக மெல்லிய குரலில் சொன்னார். போகும்போது ஒரு சாக்குச் சுருளை என் கையில் கொடுத்தார். பிரித்தால் ஒரு புது அரிவாள். "உங்க பட்டைதான். கல்யாண வீட்டுல வாழைத்தார் வெட்ட ஆகும்" என்றார். "உங்க ரெண்டு பேரையும் வெட்டத்தான் இது ஆகும்" என்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. நாக்கு வீங்கி நான் ரசம் சோறு மட்டும் சாப்பிட்டதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"விடுட்டி. நான் வரலன்னு அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள். அக்கா மகள் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கும் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. பாத்திரம் தேய்க்கிற சாக்கில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து நின்றார். "அவன் சொன்னதுல தப்பு இல்லட்டி. பாரம் இருந்தா அமுங்கும். நான் ஓட்டின வண்டியில எனக்குத் தெரியாதா? காலி வண்டி குதிரை, லோடு வண்டி யானை. கட்டிலைச் சுத்தி உப்பு மூட்டை அடுக்கிருவோம். மூட்டைக்கு நடுவுல உங்க அக்கா படுத்துட்டு வரட்டும்" என்றார்.

உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வேறு வழி என்ன இருக்கிறது? கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மூட்டைகளை ஏற்றி ஒருதரம் போய்ப் பார்த்தோம். நான் படுத்திருந்தேன். அதே ரோடு, அதே மேடு. வண்டி மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நான் எழுந்து உட்கார்ந்து, "ஏங்க, இன்னொரு தரம் அதே மேட்டுல விடுங்க" என்றேன். விட்டார். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை.

ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். ஜன்னல் வழியாக வண்டியைக் காட்டினேன். உறவுக்காரர்களுக்குத் தனியாய் ஒரு வேன் பேசியாகிவிட்டது, கேரவனில் நீயும் நானும் மட்டும், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள், சத்தம் இருக்காது, மூட்டைகளுக்கு மேலே போர்வை போட்டு மறைத்துவிடுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பாரம்தான வேணும்?" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப எதுக்குட்டி உப்பு மூட்டை? ஆளை ஏத்து."

"எந்த ஆளை?"

"அந்த வேன்ல வாரவளுகளைத்தான். எல்லாரையும் இதுல ஏத்து. பெரிய அத்தை மக இருக்கால்லா, அவ ஒருத்தி ரெண்டு மூட்டைக்குச் சமம். என் மக கல்யாணத்துக்கு நான் மூட்டைகூடவா போகணும்? ரெண்டு வருசமா நான் இந்தச் செவுத்தோடயும் உன்னோடயும்தான பேசுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு வலிக்குமேன்னுதான..." என்று ஆரம்பித்தேன்.

"வலிக்கத்தான் செய்யும். பேச்சுத்துணை இருந்தா கொஞ்சம் மறக்கும்" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்தும் விடியாததுமாய் மூட்டைகள் இறங்கின, பெண்கள் ஏறினார்கள். மெக்கானிக் தானாக வந்து நின்றார். லாரியில் சரக்கு ஏற்றுகிற மாதிரியே குரல் கொடுத்தார். "அந்தக் கனத்த ஆளு பின்னால, சக்கரத்துக்கு மேல உக்காரட்டும். ஒல்லியா இருக்கவிய முன்னால போங்க. இந்தப் பக்கம் பாரம் காணாது, இன்னும் ஒரு ஆளு வாங்க." பெரிய அத்தை மகள் மட்டும் கோபித்துக்கொண்டாள். "என்னைய என்ன சிமெண்டு மூட்டைன்னு நெனச்சியோ?" என்றவள், அக்கா கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலைச் சுற்றிப் பாயில் பெண்கள், கட்டில்மேல் கல்யாணப்பெண், அவள் மடியில் அக்காவின் தலை. பேசி வைத்திருந்த வேனில் ஆண்பிள்ளைகளும் சீர்வரிசையும் போயின.

எட்டயபுரம் தாண்டும்வரை நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மேடு வந்தது. என் வீட்டுக்காரர் முன்னாலிருந்து, "மேடூ..." என்று சத்தம் கொடுத்தார். நான் அக்காவின் இடுப்புக்கு அண்டைகொடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் யாரோ ஒருத்தி குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வண்டி குனிந்து நிமிர்ந்தது. அக்கா முகம் சுளிக்கவில்லை. "இன்னொரு மேடு எப்பம்ட்டி வரும்?" என்று கேட்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு மேட்டுக்கும் குலவை. விளாத்திகுளம் போகிற வழியில் கம்புக்காட்டில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே ஒரே கூச்சல். யார் வீட்டில் யார் மருமகளோடு சண்டை, எவள் மகன் எவளைக் கூட்டிக்கொண்டு போனான், இரண்டு வருஷத்துப் பாக்கி அத்தனையும் அக்கா காதில் வந்து விழுந்தது. நான் வாசலில் மடக்கித் திருப்பி அனுப்பினவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருத்தி, "உன் தங்கச்சி வாசல்ல நாயைக் கட்டிப்போட்ட மாதிரில்ல நிப்பா" என்றாள். அக்கா சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அப்படிச் சொன்னவளை முறைத்துவிட்டு, நாலு பேருக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

வலி இல்லாமல் போகவில்லை. குளத்தூர் நெருங்கும்போது அக்காவின் உதடு வெளுத்துப்போனது. வண்டியை நிறுத்தி மாத்திரை கொடுத்துக் கொஞ்சநேரம் வைத்திருந்தோம். ஆனால் ஆட்டோவில் வந்த அன்றைய சத்தம் இல்லை. மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி நின்றதும் ஆரத்தித் தட்டோடு வந்தவர்கள், உள்ளேயிருந்து இறங்கிக்கொண்டே இருந்த பெண்களைப் பார்த்து மலைத்துப்போனார்கள். "உள்ள இன்னும் எத்தனை பேரு இருக்கீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். அப்புறம் அவளே உள்ளே ஏறி, கட்டிலோரம் உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்பநேரம் பேசினாள்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அக்காவைச் சாய்வு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் மேடையோரம் உட்கார்த்தினோம். தாலி ஏறுகிறவரைக்கும் தாக்குப்பிடித்தாள். மகள் தலையில் அட்சதை போட்டது அவள் கைதான். வாழைத்தார் வெட்டினது எங்கள் பட்டையில் அடித்த அரிவாள். நன்றாகத்தான் வெட்டியது, அதையும் சொல்லவேண்டும்.

திரும்பி வரும்போதும் பாரத்துக்குக் குறைவில்லை. மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டுமே. மாப்பிள்ளையின் அம்மா, "நாங்களும் இதுலயே வாரோம், இடம் இருக்குமா?" என்று கேட்டாள். "ஏறுங்க, ஏறுங்க, பின்னால சக்கரத்துக்கு மேல உக்காருங்க" என்று அக்கா படுத்தபடியே உத்தரவு போட்டாள்.

கொஞ்சநாள் கழித்து, மதுரையில் சொல்லி வைத்திருந்த அளவான பட்டைக் கட்டு வந்துவிட்டது. மெக்கானிக் போன் போட்டு, "வண்டியைக் கொண்டாங்க மதினி. இதை மாட்டிட்டா ஒத்தை ஆளு படுத்துட்டுப் போனாலும் மெத்துமெத்துனு இருக்கும். இந்தத் தரம் என் பொறுப்பு" என்றார். நான் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச்சொன்னேன்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏட்டி, இங்க வா."

போனேன்.

"அந்தப் பட்டையை மாத்தாத."

"ஏன்க்கா? இனிமே பாரமே வேண்டாம். நீ மட்டும் போனாலும் குலுங்காதாம்."

"அதுக்குத்தான் சொல்லுதேன். மெத்துனு ஆயிட்டா நீ என்னையத் தனியா ஏத்திட்டுப் போயிருவ."

அவள் காலடியில் உட்கார்ந்து போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். "சரிக்கா" என்றேன்.

புதுக்கட்டு கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, மாடியில் அந்தப் பாதி கட்டின அறையில் கிடக்கிறது. ஷாக் அப்சர்பரும் புஷ்ஷும் மட்டும் காலாகாலத்தில் பார்த்துக்கொள்கிறோம். லோடு பட்டை அப்படியே இருக்கிறது. அதனால் வண்டி கிளம்பவேண்டும் என்றால் நான் தெருவில் இறங்கி ஆள் சேர்க்கவேண்டும். போன வெள்ளிக்கிழமை கடம்பூர் போகலாம் என்றாள் அக்கா. வீடு வீடாய்ப் போய், "வாரீங்களா, போளி வாங்கித் தாரேன்" என்று கூப்பிட்டேன். வாசலில் மடக்கி அனுப்பின அதே வாயால் கூப்பிட்டேன். பூக்காரம்மா கூடையைத் திண்டில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். பெரிய அத்தை மகள் யாரும் சொல்லாமலே பின்சக்கரத்துக்கு மேலே போய் உட்கார்ந்தாள். போதும் என்று நான் கதவைச் சாத்தப் போனேன்.

கட்டிலிலிருந்து தலையைத் தூக்கி எண்ணிப் பார்த்த அக்கா, "காணாதுட்டி. இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடு" என்றாள்.